கொடுத்தவரின் நிறைவு, பெற்றவரின் குரல்: ஹாலே அனாதை இல்லத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

மகிழ்ச்சியைத் தேடிப் போகிறவருக்கு அது கிட்டுவதில்லை, பிறருக்காக உழைப்பவரிடம் தானே வந்து சேர்கிறது என்ற கருத்து இன்று உளவியல் ஆய்வேடுகளிலும் ஆன்மிகச் சொற்பொழிவுகளிலும் ஏறக்குறைய ஒரே உறுதியோடு சொல்லப்படுகிறது. இருபது வயதில் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளான ஜான் ஸ்டூவர்ட் மில், 1873இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வருகிறார். அண்மை ஆய்வுகள் இதற்குச் சோதனைச் சான்று தருகின்றன. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்டன் மூவரும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கையில் கொடுத்த பணத்தைப் பிறருக்காகச் செலவிட்டவர்கள் தமக்கென்று செலவிட்டவர்களைவிட அன்று மாலை கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்து டாலரா இருபது டாலரா என்பது பொருட்டாகவில்லை. 2011இல் ஐரிஸ் மாஸும் உடனாய்வாளர்களும் மகிழ்ச்சியை மிக உயர்வாக மதிப்பவர்களே, அது எளிதாகக் கிடைக்கவேண்டிய நெருக்கடியற்ற சூழலில், அதைக் குறைவாக உணர்கிறார்கள் என்று காட்டினார்கள்.

இந்த ஆய்வுகளின் முடிவுகளோடு எனக்குப் பிணக்கில்லை. அவை எதை அளக்கின்றன என்பதில்தான் கேள்வி. பெரும்பாலும் அளக்கப்படுவது கொடுத்தவரின் மனநிலை. வாங்கியவர் சோதனைக்கு வெளியே நிற்கிறார். உதவி செய்வதில் நிறைவு உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், அந்த நிறைவு உதவியின் தரத்தைப் பற்றி எதையாவது சொல்கிறதா? உதவுபவர் நிறைவடைந்திருக்கும்போதே உதவி பெறுபவர் மறைந்துபோக முடியுமா?

இதை ஆராய ஜெர்மனியின் ஹாலே நகரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருசில கிலோமீட்டருக்குள், அங்கே மூன்று காரியங்கள் ஒரே வேளையில் நடந்தன. ஒரு போதகர் ஐரோப்பாவின் மிகப்பெரிய அறநிறுவனங்களில் ஒன்றைக் கட்டினார். ஒரு தத்துவப் பேராசிரியர் மனிதனின் மகிழ்ச்சி எதில் இருக்கிறது என்று பேசியதன் விளைவாக நாடுகடத்தப்பட்டார். தரங்கம்பாடியிலிருந்து தமிழ் அறநூல்களின் மொழிபெயர்ப்புகள் வந்து சேர்ந்தன. மூன்றும் தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்பட்டு வருகின்றன. அவற்றைச் சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

2. கிளௌகாவில் தொடங்கியது

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே (1663–1727) ஹாலேக்கு வந்தது 1692இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் எர்ஃபுர்ட் நகரம் அவரைப் பதவியிலிருந்து நீக்கி வெளியேற்றியிருந்தது. புதிதாக உருவாகிவந்த பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் கீழைமொழிகளும் கற்பிக்கும் பேராசிரியர் பதவியும், நகர்வாயிலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற சிற்றூரின் போதகர் பணியும் அவருக்குக் கிடைத்தன. பத்தாண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோய் கிளௌகா மக்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தது. எஞ்சிய வீடுகளில் கணிசமானவை சாராயக் கடைகள். வாரந்தோறும் பிச்சைக்கு வரும் குழந்தைகளிடம் வேதவினாக்கள் கேட்ட ஃபிராங்கே, அவர்கள் ஒன்றும் அறியாதிருப்பதைக் கண்டு திகைத்தார். 1695ஆம் ஆண்டு ஈஸ்டரையொட்டி அவர் வீட்டு உண்டியலில் யாரோ நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பணத்தை முதலாக வைத்து ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

1698 ஜூலை 13 அன்று அனாதை இல்லத்தின் பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கதிரவனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளை முகப்பில் தாங்கிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பின்னர் முற்றத்தின் இருபுறமும் மரச்சட்டக் கட்டடங்கள் நீண்டுகொண்டே போயின. ஃபிராங்கே இறந்த 1727இல் அங்கே 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் படித்தார்கள். அவர்களில் அனாதைகள் நூற்றுச் சொச்சம்தான். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு அரசு உரிமை பெற்ற தனிப்பள்ளி, பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவருக்கு இலத்தீன் பள்ளி, நகரத்துக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு ஜெர்மன் பள்ளிகள் எனப் பல நிலைகளில் கல்வி நடந்தது. ‘அனாதை இல்லம்’ என்ற பெயரை மட்டும் கேட்டு ஒரு தருமச் சத்திரத்தை மனத்தில் வரைந்துகொள்பவர் இந்த நிறுவனத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

பணம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் முக்கியம். 1701 முதல் ஃபிராங்கே வெளியிட்ட நிறுவன வரலாறு, கையில் காசில்லாமல் மேற்பார்வையாளர் வந்து நிற்கும் ஒவ்வொரு வேளையிலும் எதிர்பாராத இடத்திலிருந்து நன்கொடை வந்ததை நாள்கணக்காகச் சொல்கிறது. அது உண்மையான நம்பிக்கையின் பதிவு. ஐரோப்பா முழுவதும் நன்கொடையாளரைத் திரட்டிய எழுத்தும் அதுவே. கூடவே மருந்துக்கடை இருந்தது. கிறிஸ்தியான் ஃபிரீட்ரிக் ரிக்டர் என்ற மருத்துவர் உருவாக்கிய ‘எசென்ஷியா துல்சிஸ்’ உள்ளிட்ட மருந்துகள் தூரதேசங்களுக்குப் போய்ப் பெருலாபம் ஈட்டின. அச்சகமும் புத்தகக்கடையும் இருந்தன. 1710 முதல் கான்ஸ்டைன் பிரபு தொடங்கிய வேதாகம நிறுவனம் மலிவு விலைப் பைபிள்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்தது. பிரான்டன்பர்க் அரசு 1698இலேயே வரிச்சலுகைகள் வழங்கியிருந்தது. ஏழைப் பல்கலைக்கழக மாணவர்கள் இல்லத்தில் இலவசமாகச் சாப்பிட்டார்கள். பதிலுக்குப் பள்ளிகளில் பாடம் எடுத்தார்கள். பசித்த மாணவனுக்குச் சோறு, படிப்பில்லாத குழந்தைக்கு ஆசிரியர், நிறுவனத்துக்குச் செலவில்லாத உழைப்பு. இவ்வளவு கூர்மையான ஏற்பாட்டை வெறும் இரக்கம் மட்டும் உண்டாக்கியிருக்காது.

3. முதலில் எது?

ஃபிராங்கே பிறருக்கு உதவியதால் நிறைவடைந்தாரா? அவருடைய சொந்தச் சாட்சியம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

1687இல், இருபத்துநான்கு வயதில், லூனபுர்க் நகரில் ஒரு பிரசங்கம் தயாரிக்கச் சொல்லப்பட்டபோது, தாம் போதிக்கவிருக்கும் நம்பிக்கை தம்மிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். கடவுள் இருக்கிறாரா என்பதே சந்தேகமானது. சில நாள் தவிப்புக்குப் பிறகு, முழந்தாளிட்டு மன்றாடிய ஓர் இரவில் ஐயம் முற்றிலும் நீங்கியதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். உண்டியல் நிகழ்ச்சிக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. மனநிறைவு முதலில் வந்தது. தொண்டு அதன் கனியாகப் பின்னால் வந்தது. நற்செயல்கள் மீட்புக்கு வழியல்ல, மீட்கப்பட்டவரிடமிருந்து தாமாக வெளிப்படுபவை என்ற லூத்தரின் இறையியலுக்கும் இதுவே முறை.

எனவே உதவியை மனநலத்துக்கான வழியாகப் பரிந்துரைக்கும் இன்றைய பேச்சை ஃபிராங்கே ஏற்றிருக்கமாட்டார். தம் நிறைவைக் கருதிப் பிறருக்கு உதவுபவர் இன்னும் தம்மைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்றே சொல்லியிருப்பார். இந்த மறுப்பில் வலு இருக்கிறது. மகிழ்ச்சியைத் துரத்தினால் அது கிடைக்காது என்றால், தொண்டைக் கருவியாக்கி அதே மகிழ்ச்சியைத் துரத்தினாலும் கிடைக்காமல் போகவேண்டும்.

ஆய்வாளர்கள் ஃபிராங்கேயை வெவ்வேறு வகையாக வாசித்திருக்கிறார்கள். திருச்சபை மரபில் அவர் நம்பிக்கை வீரர். கார்ல் ஹின்ரிக்ஸ் 1971இல் வெளிவந்த நூலில் ஹாலே பக்திமரபையும் பிரஷ்ய அரசையும் சேர்த்துப் பார்த்தார். கட்டுப்பாடு, கடமை, ஓயாத உழைப்பு ஆகியவற்றில் பழகிய குடிமகனை அந்த அரசுக்கு உருவாக்கிக்கொடுத்தது இந்தப் பள்ளிதான் என்பது அவ்வகை வாசிப்பின் சாரம். 1713இல் அரசர் முதலாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் இல்லத்தை நேரில் பார்வையிட்டதும், 1724இல் பொட்ஸ்டாமில் ஹாலேயை முன்மாதிரியாகக் கொண்டு படைவீரர் அனாதை இல்லம் எழுந்ததும் இதற்குத் துணைநிற்கின்றன. கெல்லி விட்மர் 2015இல் எழுதிய நூல் வேறு பக்கம் திரும்பி, மாதிரிகளும் இயற்கைப் பொருள்களும் கொண்டு கண்ணால் கண்டு கற்கும் முறையை வளர்த்த அறிவியல் சமூகமாக இல்லத்தைக் காண்கிறது. இந்த வாசிப்புகளில் எதையும் தள்ளவேண்டிய தேவையை நான் காணவில்லை. ஆனால் மூன்றிலும் மையத்தில் இருப்பவர் நிறுவனர், அரசு அல்லது ஆசிரியர். குழந்தை ஓரத்தில் நிற்கிறது.

4. உடைக்கப்பட்ட விருப்பம்

குழந்தையை மையத்துக்குக் கொண்டுவந்தால் படம் மாறுகிறது. பிள்ளைகளை எவ்வாறு தேவபக்திக்கும் விவேகத்துக்கும் நடத்துவது என்று 1702இல் ஃபிராங்கே வெளியிட்ட கையேடு, குழந்தையின் இயல்பான சுயவிருப்பம் உடைக்கப்படவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பிள்ளைகளைக் கற்றவர்களாக்க மட்டும் பாடுபடும் ஆசிரியரையும் அது குறைசொல்கிறது. ஹாலேயில் நாள் முழுவதும் மேற்பார்வை இருந்தது. விளையாட்டுக்கு இடமில்லை. ஓய்வுநேரத்துக்குக் கடைசல் வேலை, கண்ணாடி தேய்த்தல், அரும்பொருள் கூடத்தைப் பார்வையிடுதல் போன்ற பயனுள்ள மாற்றுகள் தரப்பட்டன. அடிப்பதில் ஆசிரியர்கள் கோபம் காட்டக்கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. அந்தக் காலத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் ஹாலே கொடுமையான இடமல்ல. அங்கே படித்த ஏழைச் சிறுவன் பல்கலைக்கழகம் வரை போக முடிந்தது என்பதைச் சிறிய பேறாக எண்ணக்கூடாது.

ஆனாலும் இங்கே ஒரு விரிசல் தெரிகிறது. உதவுபவர் தம் விருப்பத்தைக் கடவுளிடம் ஒப்படைத்ததில் விடுதலை கண்டார். அதே அனுபவத்தை, அதைக் கேட்காத குழந்தைக்கு, பள்ளி ஒழுங்காக மாற்றிக் கொடுத்தார். அவருக்கு நிறைவாக இருந்தது அவர்களுக்குப் பணிவாக வந்து சேர்ந்தது. நெட்டா வைன்ஸ்டீனும் ரிச்சர்ட் ரயனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. வற்புறுத்தலின்றித் தாமாக விரும்பி உதவும்போதுதான் உதவுபவரின் மனநலம் உயர்கிறது. அப்படிப்பட்ட உதவியைப் பெறுபவரும் கூடுதல் பயன் அடைகிறார் என்று அது கண்டது. பெற்றவரையும் கணக்கில் சேர்த்த சில ஆய்வுகளில் இது ஒன்று. ஹாலேயில் அந்தத் தன்விருப்பம் நிறுவனரிடம் நிரம்ப இருந்தது. சோற்றுக்காகப் பாடம் எடுத்த மாணவனிடமும், எழுப்பும் மணிக்கு எழுந்த அனாதையிடமும் எவ்வளவு இருந்தது?

தமிழ் வாசகருக்கு வடலூர் நினைவுக்கு வரும். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவரின் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் பிரித்து விசாரிக்காமல் பசியாற்றவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவருக்கும் கடுமையான ஒழுக்கக் கோட்பாடுகள் இருந்தன. புலால் மறுத்தலில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆனால் அந்தக் கோட்பாட்டைச் சோற்றுக்கு முன்நிபந்தனை ஆக்கவில்லை. ஹாலேயின் இலவச உணவு ஒருவரை உருவாக்குவதற்காக. வடலூரின் உணவு பசியைத் தீர்ப்பதற்காக. முதலாவது பள்ளிகளையும் அச்சகங்களையும் ஈன்றது, இரண்டாவது அப்படி ஈனவில்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரிதான். உருவாக்க விரும்பும் உதவிக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதைக் கொடுப்பவர் பெறுபவரே என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

5. வோல்ஃப் வெளியேற்றப்பட்டது

ஃபிராங்கேயின் இல்லம் வளர்ந்த அதே ஆண்டுகளில் ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் வோல்ஃப் (1679–1754) கற்பித்துக்கொண்டிருந்தார். 1706இல் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்ட அவர் 1720இல் ஜெர்மன் மொழியில் அறவியல் நூல் எழுதினார். தன்னையும் பிறரையும் மேலும் மேலும் செம்மைப்படுத்துவதே மனிதனின் கடமை. அந்தச் செம்மையை நோக்கித் தடையின்றி முன்னேறுவதே அவனுக்கு உயர்ந்த நன்மை. அதிலிருந்து நிலைத்த மகிழ்ச்சி பிறக்கிறது. இதை அறிவு கொண்டே அறியலாம் என்பது வோல்ஃபின் நிலை. இங்கே தன்னலமும் பிறர்நலமும் எதிரெதிராக நிற்பதில்லை, மகிழ்ச்சியும் இழிந்த நோக்கமல்ல.

1721 ஜூலை 12 அன்று துணைத்தலைவர் பொறுப்பை இறையியலாளர் யோவாகிம் லாங்கேயிடம் ஒப்படைக்கும்போது சீனரின் நடைமுறை அறவியல் பற்றி வோல்ஃப் உரையாற்றினார். கிறிஸ்தவ வெளிப்பாட்டை அறியாமலே கன்பூசியஸ் மரபினர் உயர்ந்த ஒழுக்கத்தை அடைந்திருக்கிறார்கள் என்பது உரையின் மையம். ஹாலே இறையியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அருளால் மாற்றப்படாத மனிதனிடம் உண்மையான நற்செயல் பிறக்கமுடியும் என்றால் லூனபுர்க் இரவுக்கு என்ன பொருள்? சர்ச்சை விதிக்கோட்பாடு, மனிதச் சுதந்திரம் எனப் பல திசைகளில் விரிந்து அரசரிடம் போனது. 1723 நவம்பரில், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் தூக்கு என்று ஆணை வந்தது. வோல்ஃப் மார்புர்க் சென்றார். 1740இல் புதிய அரசர் இரண்டாம் ஃபிரீட்ரிக் அழைத்தபின் ஹாலே திரும்பினார்.

இதைச் சமயக் காழ்ப்புக்கும் அறிவொளிக்கும் நடந்த மோதலாக மட்டும் சொல்லிவிடுவது வழக்கம். நம் கேள்விக்கு இன்னொன்று தெரிகிறது. தொண்டில் வாழ்ந்த ஒரு சமூகம், தொண்டு எங்கிருந்து பிறக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மறுத்தது. அனாதைக்குச் சோறு போடும் சீனரின் செயல் அனாதையின் பக்கமிருந்து பார்த்தால் ஒரே சோறுதான். கொடுப்பவரின் உள்ளத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு வருகிறது. ஹாலே அந்த உள்ளத்தைத்தான் பார்த்தது.

பின்னாளில் இம்மானுவேல் கான்ட், ஹாலே மரபில் நடந்த கோனிக்ஸ்பர்க் பள்ளியொன்றில் எட்டு ஆண்டு படித்து, அந்த ஒழுங்கைக் கசப்போடு நினைவுகூர்ந்தவர், 1797இல் ஒரு தீர்வு சொன்னார். கடமையாகும் நோக்கங்கள் இரண்டு: தன் செம்மை, பிறர் மகிழ்ச்சி. தன் மகிழ்ச்சியும் பிறர் செம்மையும் அந்தப் பட்டியலில் இல்லை. பிறரைச் செம்மைப்படுத்துவது நம் வேலையல்ல என்ற இந்தப் பகுதியை ஹாலே அனாதை இல்லத்துக்கான மறுமொழியாகவே நான் வாசிக்கிறேன். பிறருடைய மகிழ்ச்சி எதில் இருக்கிறது என்பதையும் அவரே சொல்லவேண்டும் என்றார் கான்ட்.

6. தரங்கம்பாடியிலிருந்து வந்த கையெழுத்துகள்

வோல்ஃப் சீனாவரை போயிருக்கவேண்டியதில்லை. அவர் தேடிய சான்று வேறொரு திசையிலிருந்து ஏற்கெனவே ஹாலேக்கு வந்திருந்தது.

இளமையிலேயே பெற்றோரை இழந்து, நோயும் மனவாட்டமும் தொடர, ஹாலேயில் சிறிது காலம் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளூச்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். டேனிஷ் அரசர் அனுப்பிய மிஷன் அது, வழிநடத்தியது ஹாலே. திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற அவர், ஓலைச்சுவடிகளைச் சேர்த்து 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். அதே ஆண்டு கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். சிறுவர்கள் மனப்பாடம் செய்த ஔவையின் வரிகளும் உலகநாதரின் வரிகளும், வோல்ஃப் உரையாற்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்து பெயரறியாத ஒரு சமூகம் ஈகையையும் ஒழுக்கத்தையும் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பித்தது என்பதற்கு ஜெர்மன் மொழியில் சான்றாகிவிட்டன. அவை அச்சேறியது 1930இல், ஆம்ஸ்டர்டாமில், காலந்த் என்ற அறிஞரின் பதிப்பாக. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி அனுப்பிய நூலுக்கும் இதே கதி நேர்ந்தது. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஃபிராங்கே கருதியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அது 1867இல்தான் சென்னையில் அச்சானது.

உதவப் போனவர் உதவி பெறுபவரிடமிருந்து கற்றுக்கொண்டு அனுப்பியதை, அனுப்பிவைத்த நிறுவனம் பெட்டியில் வைத்துப் பூட்டியது. கொடுக்கும் நிறைவில் ஊறிய நிறுவனத்துக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. ஹாலே வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இது.

ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி மிஷனரிகள் தமிழரிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார்கள். 99 கடிதங்கள் ஹாலேயில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. மறுப்புக் குறிப்புகளும் மொழிபெயர்ப்பாளரின் கையும் இடையில் இருக்கின்றன; எழுதியவர்களில் மிஷனைச் சார்ந்திருந்தவர்களும் உண்டு. எனவே இவற்றைக் கலப்பற்ற தமிழ்க்குரலாக எடுத்துக்கொள்வது பிழை. அப்படியிருந்தும், கிறிஸ்தவர்களின் குடியையும் தூய்மையின்மையையும் புலாலுணவையும் சுட்டிக்காட்டி, எங்களுக்கு அறம் சொல்ல வருகிறீர்களே என்ற தொனியில் பேசும் பகுதிகள் அவற்றில் அச்சாகியிருக்கின்றன. டேனியல் ஜெயராஜும் ரிச்சர்ட் ஃபாக்ஸ் யங்கும் 2013இல் இக்கடிதங்களை ஆங்கிலத்தில் பதிப்பித்து, எழுதியவர்கள் தம்மைத் தாமே எவ்வாறு முன்வைத்தார்கள் என்று ஆராய்ந்தார்கள். நன்மை பெறவேண்டியவர் என்று கருதப்பட்டவர் நன்மை செய்ய வந்தவரை எடைபோடுவதை அவரது சொற்களுக்கு அருகிலிருந்து கேட்கும் வாய்ப்பு, அறநிறுவனங்களின் வரலாற்றில் அரிது.

சீகன்பால்கின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1708இல் தரங்கம்பாடியில் ஒரு தமிழ் விதவை, இறந்த கணவரின் கடன் விவகாரத்தில் டேனிஷ் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு வழக்கில் சிக்கினார். சீகன்பால்கு அவர் பக்கம் பேசப்போனார். ஏற்கெனவே பகை பாராட்டிய கோட்டைத் தளபதி ஹாசியஸ் சீகன்பால்கைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் போல அந்தச் சிறைவாசம் நீடித்தது. மாலைநேர மகிழ்ச்சியை அளக்கும் எந்தப் படிவத்திலும் அந்த உதவி தேறியிருக்காது. பள்ளி கட்டுவதுபோல் எண்ணிக்கை காட்டுவதற்கும் அதில் ஒன்றுமில்லை. யாரையும் உருவாக்கும் திட்டமும் அதில் இல்லை. ஒருவர் தம் வழக்கைத் தாமே சொன்னார், கேட்டவர் அவரோடு போய் நின்றார். சீகன்பால்கின் வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு மிஷனரி பட்ட பாடாகவே சொல்லிச் செல்கின்றன. இதை அந்த விதவையின் கடன் வழக்காக எழுதினால், உதவி அவருக்கு எதைத் தந்தது என்று கேட்கவேண்டிவரும். டன் குழுவினரின் சோதனையும் ஃபிராங்கேயின் நிறுவன வரலாறும் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.